தேய்த்தது நான், அடித்தது ஜெஸி

பழைய புளியைக் கரைத்துப் பித்தளையில் தேய்க்கும்போது எழுகிற வாசனை சிலருக்கு வெள்ளிக்கிழமையை நினைவூட்டும், சிலருக்குக் குத்துவிளக்கை. எனக்கு அது பொறாமையின் வாசனை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்பக்கத்தில், துவைக்கிற கல்லின் மேல் குந்தி உட்கார்ந்து, கார்த்திகை மாதம் தோறும் ஒரு மணியை விரல் நுனி சுருங்கும்வரை நான் தேய்த்தேன். களிம்பு போக வேண்டும், முகம் தெரிய வேண்டும், விளிம்பில் கறுப்பே இருக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. முகம் தெரிகிறதா என்று பார்த்தால் உள்ளே என் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். மறுநாள் காலையில் எங்கள் மொட்டை மாடியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மணியை அடிக்கிறவள் மட்டும் ஜெஸி. சோற்றைப் பிசைந்தாலும் போகாத புளி வாசனையோடு நான் கூட்டத்தில் நிற்பேன்.

அது கோயில் மணியுமில்லை, பள்ளிக்கூட மணியுமில்லை. அப்பா நடத்திய சங்கத்தின் மணி. அப்பா கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஒரு வங்கியின் வாசலில் காவலராக உட்கார்ந்தவர். அவரைப் போல நீர்மூழ்கியில் இருந்துவிட்டு வந்தவர்கள் சென்னையில் விரல்விட்டு எண்ணுகிற அளவில் இருந்தார்கள். அவர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒரு சங்கம் ஆக்கியது அப்பாதான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் போடுவதும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் நாளே போய் நிற்பதும், வருஷத்துக்கு ஒருமுறை கடலில் போனவர்களை நினைத்து நாள் கொண்டாடுவதும்தான் சங்கத்தின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் முன்னறை சங்க அலுவலகம் ஆகிவிடும். அம்மா மெதுபோண்டா போட்டே அலுத்துப்போனாள். வருகிறவர்கள் அப்பாவை ‘சீஃப்’ என்று கூப்பிடுவார்கள். வங்கியில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கொஞ்சம் உயரமாகத் தெரிவார்.

பள்ளியில் என்னைக் ‘கப்பல்காரர் பொண்ணு’ என்பார்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. ‘கப்பலுன்னா தண்ணி மேல மெதக்கும், பாப்பா. நாங்க இருந்தது படகு. எம்மாம் பெருசா இருந்தாலும் படகுதான்’ என்பார். படகுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீருக்கு அடியில் போன படகு சொன்ன நேரத்துக்கு மேலே வந்து, வந்துவிட்டேன் என்று கரைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கரையும் கேட்டதாகப் பதில் சொல்ல வேண்டும். செய்தி வரவில்லை என்றால் கடல் முழுக்கத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பழக்கத்தை அப்பா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், அம்மா மார்க்கெட்டுக்குப் போய் வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘மேல வந்தாச்சு’ என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து அப்பா ‘கேட்டாச்சு’ என்பார். தூங்கிக்கொண்டிருந்தாலும் சொல்வார், வாயில் பல்பொடி நுரையோடும் சொல்வார். நாங்கள் இருந்தது தரைத்தளம். இதுகள் எங்கேயிருந்து மேலே வருகின்றன என்று பக்கத்துக் குடித்தனக்காரர்கள் சிரிப்பார்கள். சொல்ல மறந்துவிட்டு நேரே சமையலறைக்குப் போன ஒருநாள், அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னைத் தேடத் தெருத் தெருவாகப் போய்விட்டார். நான் அடுப்பங்கரையில் போண்டா தின்றுகொண்டிருந்தேன்.

ஜெஸியின் அப்பா அந்தோணி மாமா அப்பாவோடு ஒரே படகில் இருந்தவர். படகு தண்ணீருக்கு மேலே வந்த ஒரு புயல் நேரத்தில், மேல்தளத்தில் ஏதோ அவிழ்ந்து அடித்துக்கொள்கிறது என்று கட்டப் போனவரை அலை வாரிக்கொண்டு போய்விட்டது. அப்பா விளக்கை வீசிக்கொண்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும் தொண்டை கட்டும்வரை தேடியிருக்கிறார். தேடியது போதும், நிறுத்துங்கள் என்று கடைசியில் உத்தரவு வந்தது. உடல் கிடைக்கவில்லை. இதை அப்பா எங்களிடம் சொன்னதில்லை. ரஹீம் மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். திருவல்லிக்கேணி ரஹீம் மாமாவும் அதே படகில், தண்ணீருக்குள் கேட்கும் சத்தங்களைக் காதை வைத்துக் கேட்டு இது திமிங்கிலம், இது கப்பல் என்று பிரித்துச் சொல்லும் வேலையில் இருந்தவர்.

மணியைத் தேர்ந்தெடுத்ததும் அவருடைய காதுதான். படகு மணி எதுவும் கிடைக்காமல் போகவே, கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்திலிருந்த பாத்திரக்கடைக்கு அவரும் அப்பாவும் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ரஹீம் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தட்டச் சொல்லிக் கேட்டார். ஒன்று ரொம்பக் கொஞ்சுகிறது என்றார், இன்னொன்று தகர டப்பா என்றார். ‘வீட்டுப் பூஜைக்கா, கோயிலுக்கா?’ என்று கடைக்காரர் கேட்டபோது அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘கடலுக்கு’ என்றார் ரஹீம் மாமா. கடைக்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் உள்ளேயிருந்து கனமான ஒரு மணியை எடுத்துவந்தார். அதை வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான். அதனால்தான் அது என்னுடையது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

நினைவு நாள் நடப்பது இப்படித்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பத்தில் மணியைக் கட்டி, வெள்ளை நூலில் அப்பாவே பின்னிய ஒரு கயிற்றை அதில் தொங்கவிடுவார்கள். தென்னை மரங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும், எல்லோரும் அதைப் பார்த்து நிற்பார்கள். முதலில் சங்கத்துக்காரர்களின் பெயர்கள். அப்பா தன் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டுத் தானே ‘மேல வந்தாச்சு’ என்பார், தானே ‘கேட்டாச்சு’ என்றும் சொல்லிக்கொள்வார். பிறகு ஒவ்வொருவர் பெயராக வரும், அவரவர் பதில் சொல்வார்கள். அதன்பின் உலகத்தில் எங்கெங்கோ போய்த் திரும்பாத படகுகளின் பெயர்கள். எதிரி நாட்டுப் படகு ஒன்றும் அதில் உண்டு. நம் ஆட்களை அடிக்க வந்தவனுக்கு நம் மாடியில் மணியா என்று வீட்டுக்காரர் ஒருமுறை சண்டைக்கு வந்துவிட்டார். ‘தண்ணிக்கு அடியில போனவனுக்கு ஏது சார் கொடி’ என்று அப்பா சொன்னார். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய், அடுத்த வருஷம் போண்டாவுக்கு மட்டும் மேலே வந்தார். ஒவ்வொரு படகின் பெயரையும் கூப்பிட்டுவிட்டு அப்பா காத்திருப்பார். பதில் வராது. பதில் வராவிட்டால்தான் மணி. கடைசிப் பெயர் அந்தோணி. அதற்கும் காத்திருப்பார், கொஞ்சம் கூடுதலாகவே. பிறகு மணி.

அந்த மணிகளையெல்லாம் ஜெஸிதான் அடிப்பாள். போனவர்களின் வீட்டு ஆள்தான் கயிற்றைத் தொட வேண்டும் என்பது சங்கத்தின் முறை, சென்னையில் அப்படி இருந்த ஒரே வீடு சாந்தோமில் இருந்த ஸ்டெல்லா அத்தையின் வீடு. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த ஸ்டெல்லா அத்தை பிறரைப் பேச வைத்துவிட்டுத் தான் பேசாமலிருக்கிறவர். அவருடைய ஒரே பெண்ணுக்கும் எனக்கும் ஒரே வயது. இரட்டைப் பின்னல், முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி, எந்த உடுப்பும் பொருந்துகிற உடம்பு. அவள் கயிற்றை இழுத்துவிட்டு, சத்தம் அடங்கும்வரை நிமிர்ந்து நிற்கிற அழகைப் பார்த்துப் பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு வயிறு எரியும்.

மணி மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சாந்தோமுக்குப் போய்விடுவார். அவர்கள் வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றுவார், பரணிலிருந்து சாமான் இறக்குவார், ஜெஸிக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பார். எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அம்மா, அவளுக்கே ஓட்டத் தெரியாது. நினைவு நாளுக்கு உடுப்பு எடுக்கப் பாண்டி பஜாருக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போவார். முதலில் ஜெஸி எடுக்க வேண்டும். அவள் பச்சையை எடுப்பாள், நானும் அந்தப் பச்சையைத்தான் கடைக்குள் நுழைந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்குக் கடுகு நிறத்தில் ஒன்று வாய்க்கும். இதையெல்லாம்விடப் பெரிய அநியாயம், ‘மேல வந்தாச்சு’வை அவளுக்கும் அப்பா கற்றுக்கொடுத்துவிட்டதுதான். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவளும் வாசலிலிருந்து அதைச் சொல்வாள், எங்களுக்குச் சொல்வதைவிடச் சத்தமாக அப்பா ‘கேட்டாச்சு’ என்பார்.

என்ன கேட்டாலும் பெரியவர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. ‘அவளுக்கு அப்பா இல்லடி.’ அதற்குமேல் பேச முடியாதபடி வாயை அடைத்துவிடுவார்கள். எனக்கோ, இல்லாத அப்பாவையும் அவளே வைத்திருக்கிறாள், இருக்கிற என் அப்பாவையும் அவளே வைத்திருக்கிறாள் என்று தோன்றும்.

ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ‘அந்தோணி மாமாவுக்குப் பதிலா அப்பா போயிருந்தா மணிய நாந்தானே அடிச்சிருப்பேன்?’ என்று கேட்டேன். அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை, கீரையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே அப்பா ஷூவை அவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். ‘கேக்கறது நியாயந்தானே’ என்று அவர் சிரித்தார். ஆனால் அன்று விளக்கு வைத்ததும் அம்மா உப்பையும் மிளகாயையும் எடுத்து அப்பாவை உட்காரவைத்துச் சுற்றிப்போட்டாள். ஊர்க் கண் பட்டுவிட்டது என்று வாயால் சொன்னாள். அடுப்பில் மிளகாய் வெடித்தபோது என்னைத்தான் பார்த்தாள்.

அதற்கு அடுத்த கார்த்திகையில்தான் அது நடந்தது. முதல் நாள் மழை கொட்டியதால் மாடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, ஸ்டெல்லா அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெஸி பச்சை உடுப்பில், கயிற்றில் கை வைத்தபடி, அழகாக. நான் கடுகு நிறத்தில், புளி வாசனையோடு. சங்கத்துக்காரர்கள் பெயர்கள் முடிந்தன, படகுகளும் முடிந்தன. அப்பா கடலைப் பார்த்து ‘அந்தோணி’ என்று கூப்பிட்டார்.

எனக்கு அப்போது ஒரு கணக்கு தோன்றியது. பதில் வராவிட்டால்தானே மணி? பதில் வந்துவிட்டால்? யோசித்து முடிப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

‘மேல வந்தாச்சு.’

சத்தமாகத்தான் சொன்னேன், வாசலில் சொல்வதைப் போலவே. ஜெஸியின் கை கயிற்றில் அப்படியே நின்றது. யாராவது அதட்டுவார்கள் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்ட நேரத்தில், கடலைப் பார்த்து நின்ற அப்பா, திரும்பாமல், பழக்க தோஷத்தில்,

‘கேட்டாச்சு’ என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. முகம் வெளுத்துப்போய், மழைத் தண்ணீர் நின்ற அந்தத் தரையிலேயே வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். ரஹீம் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பதில் வந்து அதற்கு மறுபதிலும் சொல்லியாகிவிட்டால் மணியை அடிக்கலாமா, கூடாதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா அத்தைதான் முதலில் நகர்ந்தார். என்னை அறையத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, ஈரக் கையை என் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொன்னார்:

‘இந்த வருஷம் மணி வேணாம்ணே. கேட்டாச்சுன்னு சொல்லிட்டீங்க இல்ல.’

என் கணக்கு பலித்துவிட்டது. ஜெஸி அன்று கடைசி மணியை அடிக்கவில்லை. அதில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சந்தோஷம் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. அப்பா என்னைத் திட்டவும் இல்லை. மாடியில் கயிற்றை அவிழ்க்கும்போது, என்னிடமா கயிற்றிடமா என்று தெரியாதபடி, ‘கேட்டாச்சுன்னு சொல்லிட்டா தேடறத நிறுத்திடணும். அதான் முறை’ என்று மட்டும் சொன்னார்.

போண்டா தின்னும்போது ஜெஸி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்தேன், இல்லை. சட்னியைத் தொட்டுக்கொண்டே, ‘நா எதுக்கு உங்க வூட்டுக்கு வரேன் தெரியுமா? நீ வாசல்ல சொன்னா உள்ளேர்ந்து உங்கப்பா கேட்டாச்சுன்றாரு பாரு, அதுக்குத்தான்’ என்றாள். ‘எங்க வூட்ல நா போய்ச் சொன்னா கதவு பூட்டிக்கினு கீது. அம்மா ஆபீஸ்லேர்ந்து வர இருட்டிடும்.’

இதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். கதைகளில் வருகிற பெண் என்றால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கோ ஆத்திரம் இன்னும் ஏறியது. மணியும் இவளுக்கு, பச்சையும் இவளுக்கு, இதுவும் வேண்டுமாமே என்றுதான் நினைத்தேன். என் தட்டிலிருந்த கடைசி போண்டாவை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டேன்.

மறு வருஷம் எல்லாம் பழையபடி ஆனது. அந்தோணி என்று அப்பா கூப்பிட்டார், காத்திருந்தார். என் வாயை அம்மா தன் கையால் மூடிக்கொண்டிருந்தாள். ஜெஸி அடித்தாள். ஆனால் நான் பதில் சொன்ன நாளிலிருந்து அப்பா தூக்கத்தில் அந்தோணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுவிட்டதாக அம்மா பிற்பாடு சொன்னாள். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாங்கள் இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதே இடத்தில் எங்களுக்கும் ஒரு வீடு அமைந்தது. மொட்டை மாடி முன்பைவிட உயரம்தான், ஆனால் சுற்றிலும் அதைவிட உயரமான மாடிகள். தென்னைகள் இல்லை, அந்த விரல் அகலக் கடலும் இல்லை. ஒரு பக்கம் பறக்கும் ரயில் போகிறது. எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று சங்கத்துக்காரர்கள் வருஷா வருஷம் தடுமாறுவார்கள், பிறகு ரஹீம் மாமா காதைச் சாய்த்துப் பார்த்து ஒரு திசையைக் காட்டுவார். ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். கரையில், கட்டிலில், வயதாகிப் போனவர்களுக்கு மணி கிடையாது. அவர்கள் மேலே வந்துவிட்டவர்கள், அவர்களை ஏன் தேட வேண்டும் என்பார் அப்பா. அடுத்த வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போய்விடுவார்கள்.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா கடந்த மழைக்காலத்தின் கடைசியில், தன் கட்டிலில், காபி கேட்டுவிட்டு அது வருவதற்குள் போய்விட்டார். நான் இப்போதும் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது வாய் தவறி ‘மேல வந்தாச்சு’ என்றுவிடுகிறேன். பூட்டிய வீட்டில் சொல்வது எப்படியிருக்கும் என்று ஜெஸி சொன்னது, சொல்லி இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கேட்கிறது.

கார்த்திகை வந்தது. புளியைக் கரைத்து மணியைத் தேய்த்தேன். இந்தத் தடவை என் மூக்கைவிட அப்பாவின் மூக்குதான் அதில் தெரிந்தது. சங்கத்தில் மிச்சமிருந்தவர்கள் லிஃப்டில் ஏறி மாடிக்கு வந்தார்கள். அடையாற்றிலிருந்து ஜெஸி வந்தாள், ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை, இன்னும் எந்தப் புடவையும் பொருந்துகிறது. பெயர்களைக் கூப்பிடும் பொறுப்பு ரஹீம் மாமாவிடம் வந்திருந்தது. அவருக்கு மனப்பாடம் அப்பாவின் வரிசைதான். வாயைத் திறந்ததும் பழக்கத்தில் முதல் பெயர் வந்துவிட்டது.

‘சீஃப்.’

கூப்பிட்ட பிறகு அவருக்குப் புரிந்தது. திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத பெயர் மாடியில் நின்றது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் மணி. ஜெஸி கயிற்றோடு என்னிடம் வந்து, அதை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

சின்ன வயதிலிருந்து நான் கேட்டது என் கையில் இருந்தது. நூல் இன்னும் அப்பா பின்னியதுதான், வேர்வை பட்டு அங்கங்கே பழுப்பாகியிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். என் கை வரவில்லை. இழுத்துவிட்டால் அவர் வரவில்லை என்று ஆகிவிடும். ரஹீம் மாமா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஜெஸி, எங்கள் பழைய வாசலில் செருப்பைக் கழற்றுகிற சிறுமியைப் போல,

‘மேல வந்தாச்சு’ என்றாள்.

மறுபதில் சொல்ல வேண்டிய ரஹீம் மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டுவிட்டார். வேறு வழியில்லாமல் நான்தான் ‘கேட்டாச்சு’ என்றேன். சொல்லிவிட்டுக் கயிற்றை விட்டேன்.

அந்த வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை. அதை என் அப்பாவுக்காகச் சொல்ல வேண்டியவள் நான், அவள் முந்திக்கொண்டாள். அன்று ராத்திரி வரை அழுதது துக்கத்தில் எவ்வளவு, இந்தப் பொறாமையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரஹீம் மாமா சுதாரித்துக்கொண்டு மற்றப் பெயர்களைக் கூப்பிட்டார், படகுகளைக் கூப்பிட்டார், கடைசியில் அந்தோணியைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜெஸி அடித்தாள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது, நான் தேய்த்த மணி அல்லவா.